இன்னும் கொஞ்சம் இடது

இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
கண்ணாடியைப் பார்த்தே
யார் தலையில் யார் சூயிங்கம் ஒட்டினான் என்று சொல்வேன்.
இப்போது கண்ணாடி நிறைய
எங்கள் கேரவன்தான் வருகிறது:
வெள்ளைத் தகரம், நீலக் கோடு,
போன குளிர்காலத்தில் கங்காரு இடித்த பள்ளம்.

பக்கத்து இருக்கையில் கார்த்.
லைசென்ஸ் போனதிலிருந்து
வேகத்தைக் காதால் அளக்கிறான்.
"நூறைத் தாண்டிட்டே, டெஸ்லி."
முள் தொண்ணூற்றிரண்டில் நிற்கிறது.
சரி என்கிறேன்.

அவன் கண்ணில் நடுவிடம் மட்டும் இல்லை.
ஓரங்கள் இருக்கின்றன.
ஒன்றைப் பார்க்க
அதற்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும்.
என் முகம் வேண்டுமென்றால்
என் காதுக்கு அப்பால் யாரோ நிற்பதுபோல் பார்ப்பான்.
முதல் மாதமெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

போர்ட் லிங்கனில் மகள்
ரப்பர் பூட்ஸோடு துறைமுகத்திலேயே கட்டிக்கொண்டாள்.
பதினொன்றுக்குப் படகு.
சூரைமீன் வாசத்தோடு நாற்பது நிமிடம்,
தேநீர் ஆறுமுன் போய்விட்டாள்.
ஐஸ்பெட்டியில் மூன்று கிலோ இறால்,
மூடியில் மார்க்கர் எழுத்து: பெரியப்பாவுக்கு ஒரு கிலோ.
கார்த் அதை விரலால் தடவினான்.
"என்ன எழுதியிருக்கா?"
"சீக்கிரம் சமைக்கச் சொல்லி," என்றேன்.

எலிஸ்டன் தாண்டி ஒரு காட்சிமுனை.
கம்பி வேலி, மஞ்சள் பலகை:
விளிம்பு உறுதியில்லை.
"சொல்லு," என்றான்.
எனக்கு வர்ணிக்க வராது.
தண்ணீர், என்றேன். நீலம்.
"எந்த நீலம்?"
உன் பழைய வேலைச்சட்டை, தோளில் வெளுத்திருக்குமே, அது.
தள்ளிப் போகப் போக, புதுசில் அது இருந்த நிறம்.
"பாறை?"
வெட்டின கேக். அடியில் எலி தின்ற கேக்.
தலையைப் பாதி திருப்பி
நிலத்தைப் பார்த்து நின்றான்,
கடலைப் பார்ப்பதற்காக.
காற்று எங்கள் இருவர் தொப்பியையும் கேட்டது.
ஒன்றைக் கொடுத்தோம்.

அடுத்த முனையில் ஒரு பிரிஸ்பேன் தம்பதி.
எங்களுடையதைவிட நீள வண்டி, நாய்க்குத் தனிப் படுக்கை.
எங்கே பயணம் என்று கேட்டார்கள்.
"சும்மா, கரையோரமா," என்றான் கார்த்.
அந்த அம்மாளிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:
ஸ்ட்ரீக்கி பே. இவன் அண்ணன் வீடு. இவனுக்குத் தெரியாது.
பதினோரு வருடம். ஒரு படகு.
அப்பாவுடையது, கேட்காமல் விற்றது.
அவள் இறாலுக்கு என்று
ஒரு முழுப் பூண்டு எடுத்துத் தந்தாள்.

பலகை படிக்க முடியாதவனை
எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம்
என்று நினைத்திருந்தேன்.
தார் முடிந்து சரளை தொடங்கியதும்
அவன் ரேடியோவை அணைத்தான்.
கொஞ்சதூரம் சக்கரத்தைக் கேட்டான்.
"கெல்வின் இன்னும் இந்த ரோட்டுக்குத்
தார் போட வைக்கலையா,"
என்றான், ஜன்னலைப் பார்த்து.
அதாவது, என்னைப் பார்த்து.

வாசல் குறுகல். உள்ளே திருப்ப இடமில்லை,
ரிவர்ஸில்தான் போக வேண்டும்.
கெல்வின் வந்தான். தடித்திருந்தான். காலில் செருப்பில்லை.
எப்படி இருக்கே என்று இல்லை,
கையைத் தூக்கி, "இடது," என்றான்.
கார்த் இறங்கி மறுபக்கம் போய் நின்று
"வலது," என்றான், கண் தெரிகிறவன்போல.
ஒரு கண்ணாடியில் ஒருவன், மற்றதில் மற்றவன்.
இடது. வலது. இன்னும் கொஞ்சம் இடது.
நாலு விரலை மடக்கி மடக்கி அழைக்கும்
ஒரே கை, இரண்டு உடம்பில்.
பிரேக்கை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைத்தண்ணீர்த் தொட்டி நெளிந்த சத்தத்தை
என் பஸ் பிள்ளைகள் கேட்டிருந்தால்
ஒரு வாரம் பேசியிருப்பார்கள்.
"உன் பக்கம்தான்," என்றான் கெல்வின்.
"உன் பக்கம்டா, குருடா," என்றான் கார்த்.
தண்ணீர் இருவர் காலுக்கும் வந்தது.
ஒருவனும் நகரவில்லை.
நான்தான் வாளி தேடிப் போனேன்,
பூண்டையும் இறாலையும் எடுத்துக்கொண்டு.